கூட்டியது சரி, தள்ளியது எங்கே?

காலை வேளையில் கடைகள் இருக்கிற எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். கடை திறக்க வந்தவர் துடைப்பத்தை எடுத்து முதலில் வாசற்படியைக் கூட்டுவார், அப்புறம் நடைபாதையை. காய்ந்த சருகு, சிகரெட் துண்டு, பில் காகிதம், கொஞ்சம் மண் என்று ஒரு சின்னக் குவியல் சேரும். கடைசியாக இரண்டு இழுப்பு. குவியல் நடைபாதை விளிம்பைத் தாண்டிச் சாலை ஓரத்தில் விழும். துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். வேலை முடிந்தது என்றுதான் அவர் நினைக்கிறார். சுகாதார ஆய்வுக்கு வருபவரும் அப்படித்தான் நினைப்பார், ஏனென்றால் நடைபாதை பளிச்சென்று இருக்கிறது.

அந்தக் குப்பை மூன்றடி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இனி அதை அள்ளிக்கொண்டு போகப்போவது மழை.

பல நகரங்களில் இந்த மூன்றடி இடத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று தூய்மை விதி: உன் வீட்டுக்கு முன்னால், கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையை நீ சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று வடிகால் விதி: மழைநீர் வடிகாலுக்குள் மழைநீரைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது. முதல் விதியைக் கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம். இரண்டாவதை மீறியதற்கான தடயமோ மண்ணுக்கு அடியில், குழாய்க்குள், எங்கோ ஓர் ஆற்றில் இருக்கிறது. முதல் விதியைக் கச்சிதமாக நிறைவேற்ற நினைப்பவர் குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சி எல்லாவற்றையும் சாலைக்கு அடித்துவிடுகிறார். அதே நொடியில் இரண்டாவது விதியை மீறியும் விடுகிறார். இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இந்த முரண்பாடு என்னை ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. விதிகள் தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டுமே நல்ல விதிகள். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும். சேர்த்துப் படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

முதலில் அந்த வடிகாலைப் பற்றிக் கொஞ்சம். சாலை ஓரத்தில் கம்பிச்சட்டம் போட்ட ஒரு வாய் இருக்கும், அல்லது ஓரக்கல்லிலேயே நீளமாக வெட்டிய ஒரு திறப்பு இருக்கும். அதற்குக் கீழே ஒரு தொட்டி. தொட்டியின் அடித்தளத்துக்குக் கொஞ்சம் மேலே வெளியேறும் குழாய் தொடங்கும். குழாய்க்குக் கீழே உள்ள அந்த ஆழம் மணலும் வண்டலும் தங்குவதற்காக விட்டது. அந்த ஆழம் ஏறக்குறைய 60 சதவீதம் நிறைந்துவிட்டால் தொட்டி தன் வேலையைச் செய்வதில்லை. புதிதாக வரும் மண் தங்காமல் நேரே குழாய்க்குள் போகும், பலத்த மழையில் ஏற்கெனவே தங்கியதும் கிளம்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

போகும் தண்ணீர் எங்கே போகிறது என்பது நகரத்தைப் பொறுத்தது. பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீருக்கும் வீட்டுக் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். 1858இல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் போன பிறகு லண்டனில் ஜோசப் பசல்ஜெட் கட்டிய பெரும் கால்வாய்கள் இந்த வகை. பாரிஸின் பெரும்பகுதியும், நியூயார்க்கின் கணிசமான பகுதியும் இப்படித்தான். அமெரிக்காவில் மட்டும் சுமார் 700 ஊர்களில் இந்தக் கூட்டுக்குழாய் முறை இன்னும் இருக்கிறது. சாதாரண நாளில் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். கனமழை பெய்தால் குழாய் கொள்ளாது; கழிவுநீரும் மழைநீரும் கலந்து, சுத்திகரிக்காமலே ஆற்றில் விழும்.

மற்ற நகரங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போகிறது. மழைநீர்க் குழாய் அருகிலுள்ள ஓடைக்கோ ஏரிக்கோ கடலுக்கோ நேராகப் போய் முடிகிறது. நடுவில் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. சில இடங்களில் ஒரு வண்டல் குளம் இருக்கும், சில இடங்களில் ஒரு கம்பிவலை இருக்கும், பல இடங்களில் அதுவும் இருக்காது. அங்கெல்லாம் சாலை ஓரத்திலிருந்து ஆறு வரை அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வாய்ப்புள்ள ஒரே கருவி நடைபாதையில் நிற்பவரின் கையிலிருக்கும் துடைப்பமும் முறமும்தான். நான் இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. குழாயின் அமைப்பே அப்படி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஜார்ஜ் வாரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1878இல் மெம்பிஸ் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று அன்று பலரும் நம்பினார்கள், வாரிங்கும் நம்பினார். அந்த நம்பிக்கையோடு அவர் 1880இல் மெம்பிஸில் கழிவுநீருக்கென்று தனியாகச் சிறிய குழாய்களைப் பதித்தார். மழைநீரை அதற்குள் விடவே இல்லை. தனித்தனிக் குழாய் முறையை அமெரிக்காவில் பெயர்பெற வைத்தது அந்த வேலை. பதினைந்து வருடம் கழித்து, 1895இல், அதே மனிதர் நியூயார்க்கின் தெருத் துப்புரவுத் துறைக்குத் தலைவராகிறார். குதிரைச் சாணமும் சாம்பலும் கணுக்கால் உயரம் கிடந்த தெருக்களுக்கு வெள்ளைச் சீருடை போட்ட துப்புரவுப் பணியாளர்களை அனுப்பினார். வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வைத்தார். தெரு சுத்தமானதை மக்கள் கண்ணாரக் கண்டார்கள், அந்தப் பணியாளர்களுக்கு ஊர்வலம் நடந்தபோது கைதட்டினார்கள்.

குழாயைப் பிரித்தவரும் தெருவைக் கூட்டியவரும் ஒரே ஆள். நோய் பரப்பியது கொசு என்பது 1900க்குப் பிறகுதான் உறுதியானது; வாரிங் அதற்கு முன்பே, 1898இல், ஹவானாவுக்குப் போய் வந்து அதே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய காரணம் தவறாக இருந்தாலும் அவர் செய்த இரண்டு வேலைகளும் சேர்ந்தே இருக்க வேண்டியவை. மழைநீரைக் கழிவுநீரிலிருந்து பிரித்துவிட்டால், அந்த மழைநீர் ஓடும் தரையைச் சுத்தமாக வைத்தாக வேண்டும். பின்னால் வந்த நகரங்கள் குழாயை ஒரு துறைக்கும் துடைப்பத்தை இன்னொரு துறைக்கும் கொடுத்துவிட்டன. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைந்துபோயிற்று.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது ரொம்பத் தாமதமாகத்தான். அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தபோது அதன் கவனமெல்லாம் ஆலைக் குழாய்கள் மேலும் கழிவுநீர் நிலையங்கள் மேலும் இருந்தது. ஆலைகளை அடக்கிய பிறகும் ஆறுகள் எதிர்பார்த்த அளவு தெளியவில்லை. மிச்ச அழுக்கு தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1987இல் சட்டத்தைத் திருத்தி மழைநீர் வடிகால்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1990இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு, வடிகால் நீரை வெளியேற்ற உரிமம் கட்டாயமானது. 1999இல் வந்த விதிகள் சிறிய ஊர்களையும் சேர்த்துக்கொண்டன. அந்த உரிமத்தின்படி, மழைநீர் அல்லாதது வடிகாலில் விழுகிறதா என்று நகரம் தேடிக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும், மக்களுக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும். வடிகால் வாய்களுக்குப் பக்கத்தில் மீன் படம் போட்டு ‘இது ஆற்றுக்குப் போகிறது’ என்று எழுதிய வில்லைகள் ஒட்டுவது இந்த எடுத்துச்சொல்லும் வேலையின் ஒரு பகுதி.

விதிவிலக்குகளும் உண்டு. தீயணைக்கப் பயன்படுத்திய தண்ணீர், புல்வெளிக்குப் பாய்ச்சி வழிந்தது, வீட்டில் ஒருவர் தன் காரைக் கழுவியது ஆகியவை பொதுவாக மீறலாகக் கருதப்படுவதில்லை. கார் கழுவும் விலக்கு எனக்கு உடன்பாடில்லை. சோப்பு நுரை ஓரக்கல்லோரம் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் உடன்பாடு இருக்காது. சில நகரங்கள் தாமாகவே அதையும் தடுத்திருக்கின்றன. காரைப் புல்தரையிலோ சரளைக்கல் மேலோ நிறுத்திக் கழுவினால் மண்ணே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தகராறே இல்லை.

சரி, ஒரு கைப்பிடிச் சருகு என்ன செய்துவிடும்? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் என்றால் ஒத்துக்கொள்வார்கள், எண்ணெய் என்றால் ஒத்துக்கொள்வார்கள். இலை இயற்கைதானே, ஆற்றில் மரத்திலிருந்து நேராகவே விழுகிறதே என்பார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. கோடையில் அந்த ஏரிகளில் பாசி பரவும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே இரண்டு குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியில் இலையுதிர் காலத்தில் மழைக்கு முன்பாகவே தெருவில் ஓர் இலை விடாமல் அள்ளினார்கள். இன்னொன்றை அப்படியே விட்டார்கள். இரண்டு இடத்திலும் வடிகால் குழாயின் முடிவில் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவு: இலை அள்ளிய பகுதியில் அந்தப் பருவத்தில் மொத்த பாஸ்பரஸ் 84 சதவீதமும் நைட்ரஜன் 74 சதவீதமும் குறைந்திருந்தது. அள்ளாத பகுதியில், குளிர்காலம் நீங்கலாக ஒரு வருடத்தில் வெளியேறும் பாஸ்பரஸில் 56 சதவீதம் அந்த ஒரே பருவத்தில் போயிருந்தது. அள்ளிய பகுதியில் அது 16 சதவீதம்.

இந்த எண்களை முதல்முறை படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் குளங்களும் வடிகட்டிகளும் பல நேரம் எட்ட முடியாத அளவு இது. காரணமும் எளிமையானது. இலை காட்டில் விழுந்தால் மண்ணில் கிடந்து மெல்ல மக்கும், அதன் சத்தை மண்ணும் வேரும் எடுத்துக்கொள்ளும். தாரிலும் கான்கிரீட்டிலும் விழுந்தால் அந்தச் சத்துக்கு ஒதுங்க இடமில்லை. அதன் மேல் வண்டிகள் ஏறி நொறுக்குகின்றன. மழைத்தண்ணீரில் ஊறி, இலைக்குள் இருக்கும் பாஸ்பரஸ் கரைந்து வெளியே வருகிறது. கரைந்துவிட்டதைக் கம்பிவலை பிடிக்காது, வண்டல் தொட்டியும் பிடிக்காது. இலை முழுசாக வடிகால் வாயில் சிக்கி நிற்கிறது, பார்ப்பவருக்குத் தடுத்துவிட்டோம் என்று திருப்தி, ஆனால் இலையின் சாரம் ஏற்கெனவே ஏரிக்குப் போய்விட்டது. நன்னீர் ஏரிகளில் பாசி வளர்வதற்குப் பொதுவாகக் குறைவாக இருக்கும் சத்து பாஸ்பரஸ்தான். அது கிடைத்ததும் பாசி பொங்குகிறது, பின்பு செத்து அழுகுகிறது, அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்கிறது, மீன் மிதக்கிறது.

ஒரு மழை தொடங்கும்போது எங்கள் தெருவின் வடிகால் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வருவது தண்ணீரே இல்லை. தூசியை உருட்டிக்கொண்டு வரும் ஒரு சாம்பல்நிற நாக்கு. அதன் முன்னால் சிகரெட் பஞ்சுகளும் மரத்தின் பூந்தாதும் மிதந்து வரும். மேலே எண்ணெயின் வானவில் படலம். கொஞ்ச நேரத்தில் நிறம் இளகி, பிறகு தெளிவான தண்ணீர் ஓடத் தொடங்கும். தெளிந்த பிறகு வந்து பார்ப்பவர் நம் தெருத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பார். அழுக்கில் பெரும்பகுதி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சாம்பல்நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சிகரெட் பஞ்சு பஞ்சே அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. புகைத்துப் போட்ட ஒரு துண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் அந்தத் தண்ணீரில் விட்ட மீன்களில் பாதி இறந்துவிடுகின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பிரேக் தேய்ந்து விழும் தூசியில் செம்பு இருக்கிறது. அது மீன்களைப் பாதிக்கிறது என்பதால்தான் கலிபோர்னியா 2010இல் சட்டம் போட்டு பிரேக் பட்டைகளில் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அப்புறம் டயர். சியாட்டில் பக்கத்து ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தது ரொம்ப காலம் புரியாத புதிராக இருந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உருவாக்கும் நஞ்சே காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளுக்குப் பெயர் 6பிபிடி குயினோன்.

டயர் தூளையும் பிரேக் தூசியையும் நாம் தனியாகப் பொறுக்க முடியாது. ஆனால் அவை தங்கும் இடம் தெரியும். 1972இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகப் பல நகரங்களின் தெருத்தூசியை அளந்து பார்த்தார்கள். தெருவில் கிடக்கும் அழுக்கில் முக்கால் பங்குக்கும் மேல் ஓரக்கல்லிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருந்தது. வண்டிகள் கிளப்பும் காற்று எல்லாவற்றையும் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது, ஓரக்கல் அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: எடையில் வெறும் 6 சதவீதமே இருக்கும் மிகமிகப் பொடியான தூள்தான் கன உலோகங்களில் பாதிக்கும் மேல் சுமக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய குப்பையைப் பொறுக்கிவிட்டுப் பொடியை விட்டுவிட்டால் நஞ்சின் பெரும்பகுதியை விட்டுவிட்டோம் என்று பொருள். பழைய வகைத் துடைப்ப வண்டிகளின் குறையும் இதுதான். அவை பெரியதை எடுத்துப் பொடியைக் கிளப்பிவிடுகின்றன. உறிஞ்சி எடுக்கும் வண்டிகள் இதில் மேல்.

நியூயார்க்கின் விதியைப் பாருங்கள். கட்டடத்தின் உரிமையாளர் நடைபாதையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஓரக்கல்லிலிருந்து சாலைக்குள் 18 அங்குலம் வரை அவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். நடைபாதைக் குப்பையைச் சாலைக்குத் தள்ளுவது தனிக் குற்றம், அபராதம் உண்டு. அழுக்கு சேரும் பட்டை முழுவதும் விதி சொல்லும் பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. நான் பார்த்த தூய்மை விதிகளில் இதுதான் விஷயம் தெரிந்து எழுதிய விதி என்று சொல்வேன். தள்ளுவதற்கு இடமே விடாததால் அள்ளுவது ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு இதைப் பற்றி அடிக்கடி பேச்சு வரும். தினமும் விடியும் முன்பே எழுந்து தன் வாசலைக் கூட்டுபவர், அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

“தம்பி, ரோட்டைக் கூட்ட மிஷின் வண்டி வருதுல்ல? அது எடுத்துக்கிட்டுப் போயிடும். நான் எதுக்கு முதுகு வளைச்சு அள்ளணும்?”

“வண்டி வர்றதுக்கு முன்னாடி மழை வந்துட்டா, ஐயா?”

“வந்தா போயிட்டுப் போகுது.”

“அதான் ஐயா விஷயமே.”

அவர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டி வரும் என்ற நம்பிக்கையை நகரம்தான் அவருக்குக் கொடுத்தது. அந்த வண்டி ஓரக்கல்லை ஒட்டிப் போனால்தான் பயன், அங்கே கார் நின்றால் சுற்றிக்கொண்டு போகும். நியூயார்க் 1950இலேயே ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று கார்களை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த ஏற்பாடு இல்லாத தெருவில் வண்டி வருவது வெறும் சத்தம். அழுக்கு உள்ள அந்த ஆறு அங்குலத்தை அது தொடுவதே இல்லை.

துடைப்பத்தை விட மோசமானவை தண்ணீர்க் குழாயும் ஊதுகுழல் இயந்திரமும். உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவும்போது நடைபாதையில் ஒட்டிக்கிடந்த எண்ணெய், சூயிங்கம், பறவை எச்சம், சோப்பு எல்லாம் ஒரே ஓட்டமாக வடிகாலுக்குப் போகின்றன. மழைக்கு முன்பே ஒரு மழை பெய்த மாதிரிதான். ஒழுங்கான விதி உள்ள நகரங்களில் இப்படிக் கழுவுபவர் வடிகால் வாயை மூடி, அழுக்குத் தண்ணீரைத் தேக்கி, உறிஞ்சி எடுத்துக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். எண்ணெய் சிந்தினால் முதலில் மண்ணோ மரத்தூளோ பூனை மணலோ போட்டு உறிஞ்சவிட்டு, கூட்டி எடுத்துப் பையில் கட்ட வேண்டும். இதில் தண்ணீருக்கு வேலையே இல்லை.

கட்டட வேலைதான் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. கான்கிரீட் கலந்த சட்டியைச் சாலை ஓரத்தில் கழுவி ஊற்றுவது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பால்நிறத் தண்ணீரின் காரத்தன்மை, பி.எச். அளவில், 12ஐத் தொடும். கையில் பட்டாலே தோலை அரிக்கும், சின்ன ஓடையில் விழுந்தால் மீனின் செவுளை எரிக்கும். குழாய்க்குள் போய் இறுகியும் விடும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சட்டியைக் கழுவத் தனிக் குழி வெட்டி பிளாஸ்டிக் தாள் விரித்து வைப்பது பெரிய காரியமில்லை. மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடுவதும், வடிகால் வாயைச் சுற்றிச் சரளை மூட்டை அடுக்குவதும் அப்படித்தான். மூட்டை அடுக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிற மேஸ்திரிகள் நிறைய. மழைக்குப் பிறகு மூட்டைக்குப் பின்னால் தேங்கிய சேற்றை அள்ளாவிட்டால் அடுத்த மழையில் அது மூட்டையைத் தாண்டி உள்ளே போகும்.

வெள்ளத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. வங்கதேசத்தில் 1988, 1998 வெள்ளங்களின்போது பாலித்தீன் பைகள் வடிகால்களை அடைத்து நிலைமையை மோசமாக்கின என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2002இல் உலகிலேயே முதல் நாடாக மெல்லிய பைகளை அது தடை செய்தது. ஒரு பை அடைக்கும். அதன் மேல் இலை படியும். இலை மேல் மண் படியும். அப்புறம் தண்ணீர் போக வழி தேடி வீட்டுக்குள் வரும்.

விதி எழுதுபவர்களிடம் எனக்குச் சில சண்டைகள் உண்டு. வாசலைக் கூட்ட வேண்டியது உன் பொறுப்பு என்று சொல்லும் நகரம், கூட்டியதை எங்கே போடுவது என்று பல நேரம் சொல்வதில்லை. இலைப் பை எடுக்க வண்டி எப்போது வரும், பை நிறைந்தால் எத்தனை நாள் வைத்திருப்பது, தனி வீடு இல்லாமல் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எங்கே வைப்பது என்று ஒரு வரி கிடையாது. குனிய முடியாத வயதானவருக்கும், பத்துக் கடைகளுக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கும் ஒரே அபராதம். சில ஊர்களில் இலையைச் சாலை ஓரத்தில் குவி, நாங்கள் வந்து எடுக்கிறோம் என்று நகரமே சொல்கிறது; அந்தக் குவியல் வடிகால் வாய்க்கு மேலேயே பல நாள் கிடக்கிறது. மேடிசன் தன் மக்களிடம் இலையைச் சாலையில் போடாதே, நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்பட்டையில் குவி என்று சொல்கிறது. வித்தியாசம் சில அடிதான், ஆனால் தெருவில் இலை கிடக்காவிட்டால் என்ன பலன் என்று மேலே பார்த்தோம்.

வடிகாலை மக்களிடமே ஒப்படைக்கும் ஏற்பாடுகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. மினசோட்டாவில் ஹாம்லின் பல்கலைக்கழகம் நடத்தும் திட்டத்தில் உங்கள் தெரு வடிகால் வாயை நீங்கள் தத்தெடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வைக்கலாம். வாயில் சேர்வதை அள்ளி, எவ்வளவு எடுத்தீர்கள் என்று பதிவு செய்யலாம். நானும் எங்கள் தெரு முனையில் உள்ளதைப் பார்த்துக்கொள்கிறேன், யாரும் தத்துக் கொடுக்கவில்லை என்றாலும். இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: மேலே கிடப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும். கம்பிச்சட்டத்தைத் தூக்கக்கூடாது, உள்ளே கை விடக்கூடாது, தண்ணீர் சுழித்துப் போகும்போது பக்கத்திலேயே போகக்கூடாது. உள்ளே அடைப்பு என்றால் நகராட்சிக்குச் சொல்லிவிட வேண்டும், அது பயிற்சி பெற்று, கருவியோடு வருபவர்கள் வேலை. கையுறையும், போக்குவரத்தைப் பார்க்கும் கண்ணும் கட்டாயம்.

கூட்டும் முறையிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எல்லாரும் வீட்டிலிருந்து சாலையை நோக்கிக் கூட்டுகிறோம், வெளியே தள்ளுவதுதான் கைப்பழக்கம். ஓரக்கல்லில் தொடங்கி வீட்டை நோக்கிக் கூட்டிப் பாருங்கள். குவியல் உங்கள் பக்கம் சேரும். முறத்தில் அள்ளாமல் விட முடியாது, ஏனென்றால் அது உங்கள் வாசலை மறிக்கும். சாலைக்குள் உள்ள பட்டையை முதலில், வண்டி இல்லாத நேரம் பார்த்து, ஓரக்கல் பக்கம் இழுத்து அள்ளிவிட வேண்டும். பொடிக்கு மெல்லிய நார்த் துடைப்பம்தான் சரி. இலையை உரக்குழியில் போடலாம், மரத்தடியில் பரப்பலாம். சாலை ஓரத்துப் பொடியை மட்டும் உரத்தில் சேர்க்க வேண்டாம், அதில் உலோகம் இருக்கிறது. குப்பைப் பையில் கட்டிவிட வேண்டியதுதான்.

தினமும் கூட்ட முடியாதவர்கள் எப்போது கூட்டினால் அதிகப் பலன் என்று கேட்பார்கள். மழைக்கு முந்தின நாள். மேடிசன் ஆய்வில் பலன் கொடுத்தது இந்த நேரக்கணக்குதான். அங்கே இலையுதிர் காலத்தில் பெரிய மழை வருவதற்கு முன், பதிவு செய்துகொண்டவர்களுக்கு, உங்கள் வீட்டு முன்னால் தெருவை இப்போதே கூட்டிவிடுங்கள் என்று குறுஞ்செய்தி போகிறது. வெள்ள எச்சரிக்கை அனுப்பப் பல நகரங்களிடம் இன்று வசதி இருக்கிறது. அதே கைப்பேசிக்கு ஒரு நாள் முன்னதாக இந்த ஒரு வரியையும் அனுப்பலாம். எங்கள் நகராட்சிக்கு இதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் நானே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.